மூன்றாவது கை

மருமகளைத் திட்டி இந்த வாரம் பதினேழு கடிதங்கள். ‘மாமனார் வேலைக்கே உலை வைக்கிறாளே, இவள் விளங்குவாளா?’ என்று ஒரு வாசகி சிவப்பு மையில் கேட்டிருக்கிறார். அம்மா, கொஞ்சம் பொறுங்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள், அவள் பெயர் விழுந்தது. விழுந்த பெயரைப் பொறுக்கிக்கொண்டு ஓடிவிடவா முடியும்?

இந்த வாரம்தான் முதன்முதலாக நம் பக்கம் வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. விமானத்தின் முன்னறையில் இத்தனை காலமும் மூன்று பேர். முன்னால் இருவர் ஓட்டுவார்கள். பின்னால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து எஞ்சின், எரிபொருள், மின்சாரம் எல்லாவற்றையும் கவனிப்பார். அவர் ஃப்ளைட் இன்ஜினியர். நம் இன்ஜினியர் முப்பத்தொரு வருடமாக அந்த நாற்காலியில் இருப்பவர். கம்பெனி இப்போது வாங்கப்போகிற புது விமானத்தில் அந்த நாற்காலியே கிடையாது. அவர் வேலையில் பாதியைக் கம்ப்யூட்டரும் மீதியை முன்னால் இருக்கிற இருவரும் பார்த்துக்கொள்வார்களாம்.

இன்ஜினியர்கள் சங்கம் சும்மா விடுமா? நிரூபித்துக் காட்டு என்றது. தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில் ஒரு சோதனை என்று முடிவானது. விமானிகள் இருவர், சங்கத்தின் ஆள் எழுதித் தருகிற கோளாறுகள். சமாளித்துவிட்டால் மூன்றாவது நாற்காலி இல்லை, அறுபத்தொரு இன்ஜினியர்களும் ஒரு வருடத்தில் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். சமாளிக்காவிட்டால் நாற்காலி வரும்.

சங்கத்தின் ஆளாகப் போனவர் நம் இன்ஜினியர். கோளாறுகளை எழுதி உறையில் போட்டு அரக்கு வைத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். மறுநாள் அறிவிப்புப் பலகையில் துணை விமானியின் பெயரைப் பார்த்தார். அது அவர் மருமகள். போன வாரம் அங்கேதான் நிறுத்தினேன்.

சோதனை நாள் காலை. சாப்பாட்டு மேஜையில் ரொட்டியும் காப்பியும் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தன, பேச்சு நகரவில்லை.

“ரெண்டு பேரும் என்ன, ஊமைப் படம் ஓட்டறீங்களா?” என்றாள் இன்ஜினியரின் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

“பேசக்கூடாதுன்னு ஆர்டர், அத்தை. டெஸ்ட் முடியற வரைக்கும்.”

“டெஸ்டப் பத்தித்தானே பேசக்கூடாது? வெண்ணெயக் கேக்கறதுக்குமா தடை?”

“வெண்ணெயில ஆரம்பிச்சா டெஸ்ட்லதான் போய் முடியும்,” என்றார் இன்ஜினியர். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டைப் பார்த்தாள்.

மகன் சரக்குக் கப்பலில் அதிகாரி. கடலில் இறங்கி நான்கு மாதம் ஆகிறது. ‘ஒருத்தன் தண்ணியில, ரெண்டு பேரு ஆகாசத்துல, நான் ஒருத்திதான் தரையில’ என்று டீச்சர் அடிக்கடி சொல்வாள். இன்றைக்கு அதையும் சொல்லவில்லை. மருமகள் காரை எடுக்கக் கீழே இறங்கியதும் கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்கிற சாக்கில் கிட்டே வந்தாள்.

“மூணு பேரு செய்யற வேலைய ரெண்டு பேரு செஞ்சா எத்தனை நாளாகும்னு பசங்களுக்குத் தினம் போடறேன். இதுக்கு மட்டும் விடை தெரியலைங்க.”

“இது நாள் கணக்கு இல்ல. விநாடிக் கணக்கு.”

“அவ தோத்தா புது விமானம் ஓட்ட அடுத்த வாய்ப்பு வர நாலு வருஷம் ஆகும்னு சொன்னா.”

“அவ ஜெயிச்சா எனக்கு அடுத்த வாய்ப்பே கெடையாது.”

“நான் யாருக்காக வேண்டிக்கறது, சொல்லுங்க?”

கீழே மருமகள் ஹாரன் அடித்தாள். ஒரே வீடு, ஒரே கார், போகிற இடமும் ஒன்று. இருபத்தைந்து நிமிடப் பயணத்தில் இருவரும் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

சிமுலேட்டர் என்பது உயரமான இரும்புக் கால்கள்மேல் நிற்கிற ஒரு பெட்டி. நடைபாலத்தில் ஏறி உள்ளே போனதும் பாலம் விலகிக்கொள்ளும். கதவை மூடிவிட்டால் முடியும்வரை யாரும் இறங்க முடியாது. உள்ளே இடது சீட்டில் கேப்டன், வலது சீட்டில் மருமகள். இருவருக்கும் நடுவே, ஒரு முழம் பின்னால், மடக்கு நாற்காலியில், சங்கத்தின் பார்வையாளராக, இன்ஜினியர். அவருக்கும் பின்னால் கடைசியில் ஒரு சின்ன மேஜை. பயிற்சியாளர் அங்கே சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, உறையைப் பிரித்து, கோளாறுகளை ஒவ்வொன்றாக அழுத்துவார்.

இன்ஜினியர் பழக்கதோஷத்தில் வலதுபக்கம் திரும்பிப் பார்த்தார். அவருடைய பலகை இருந்திருக்கவேண்டிய இடத்தில் கோட்டு மாட்டுகிற கொக்கி ஒன்று இருந்தது. அவருக்குச் சுருக்கென்றது.

“பார்வையாளர் எதையும் தொடக்கூடாது, பேசக்கூடாது,” என்றார் பயிற்சியாளர். “ஞாபகப்படுத்தவேண்டியது என் கடமை சார், தப்பா நெனச்சுக்காதீங்க.”

“நெனக்கல. ஆரம்பிங்க.”

முதல் கோளாறு சக்கரம் மடங்காதது. இருவரும் ஊதித் தள்ளிவிட்டார்கள். இரண்டாவது காற்றழுத்தம். மருமகள் கேப்டனுக்கு முந்திக்கொண்டு கண்டுபிடித்தாள். இன்ஜினியருக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. பொங்கிய வேகத்திலேயே அறுபது பேரின் முகங்களும் ஞாபகத்துக்கு வந்து அதை அமுக்கின.

மூன்றாவது, அவர் இரண்டு வாரம் உட்கார்ந்து யோசித்து எழுதியது. விமானம் தரையை விட்டு எழும்பிய அடுத்த நிமிடம் இடது எஞ்சினில் தீ. இருவர் கவனமும் அங்கே போகும். அப்போது பார்த்து வலது டாங்கின் பம்புகள் நிற்கும். தலைக்கு மேல் இருக்கிற பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். சத்தம் எதுவும் வராது. பதினைந்து விநாடிக்குள் குறுக்கு வால்வின் ஸ்விட்சைத் திருப்பி இடது டாங்கிலிருந்து எரிபொருள் கொடுக்காவிட்டால், மிச்சமிருக்கிற ஒரே எஞ்சினும் நின்றுவிடும்.

மணி அலறியது. தீ.

“இடது எஞ்சின் தீ. செக்லிஸ்ட்!” என்றார் கேப்டன். பெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. அவர் இரண்டு கைகளாலும் அதோடு மல்லுக்கட்டினார். மருமகள் எஞ்சினை மூடுகிற கைப்பிடியைத் தேடி இழுத்தாள். ஒரு காதில் கட்டுப்பாட்டு அறை கேள்வி மேல் கேள்வி கேட்டது. பதில் சொல்லிக்கொண்டே செக்லிஸ்ட்டைப் படித்தாள்.

மேலே மஞ்சள் விளக்கு எரிந்தது.

ஒன்று. இரண்டு. இன்ஜினியர் மனசுக்குள் எண்ணினார். நிமிர்ந்து பாரும்மா என்று உள்ளே ஒரு குரல். பார்க்காதே என்று இன்னொரு குரல். இரண்டும் அவருடைய குரல்தான். மூன்று.

அப்புறம் விளக்கு அணைந்திருந்தது.

எப்படி என்று அவர் யோசித்தார். பிறகுதான் தன் வலது கை தலைக்கு மேல் நீண்டிருப்பதைக் கண்டார். ஆட்காட்டி விரலும் கட்டைவிரலும் குறுக்கு வால்வின் ஸ்விட்சை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தன.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். மூன்றாவது நாற்காலியில் இருப்பவர் இந்த மாதிரி வேலைக்கு யாரிடமும் உத்தரவு கேட்பதில்லை. முன்னால் இருப்பவர்களுக்கு அதற்கு நேரம் இருக்காது. விளக்கைப் பார்த்தால் கை போகும். செய்துவிட்டு, ‘திறந்தாச்சு’ என்று ஒரு வார்த்தை சொல்வார், அவ்வளவுதான். முப்பத்தொரு வருடமாகக் கைக்கும் வாய்க்கும் அதுதான் ஒப்பந்தம். இன்றைக்குக் கை சட்டத்தை மீறிவிட்டது. வாய் மட்டும் சட்டத்தை மதித்து மூடிக்கொண்டது.

கையை மெல்ல இறக்கினார். யாரும் திரும்பவில்லை. பயிற்சியாளர் சுவரைப் பார்த்தபடி, “குறுக்கு வால்வு, நாலு விநாடி. பிரமாதம்!” என்று குறித்துக்கொண்டார். விமானம் ஒற்றை எஞ்சினில் வட்டமிட்டு வந்து இறங்கியது.

கதவு திறக்க ஐந்து நிமிடம் ஆனது. அந்தப் பெட்டிக்குள் மற்ற மூவரும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். இன்ஜினியர் கதவைப் பார்த்தபடி நின்றார்.

நடைபாலத்தில் கேப்டன் அவர் தோளைத் தட்டினார். “என்ன மருமக சார் உங்களுக்கு! நான் விளக்கக்கூடப் பாக்கல. அதுக்குள்ள வால்வத் திறந்துட்டா. கை பறக்குது!”

“ஆமா,” என்றார் இன்ஜினியர். அந்த ஒரு வார்த்தையில்தான் முதல் முடிச்சு விழுந்தது.

மேனேஜரின் அறைக்கு ஜன்னல் கிடையாது. அவரை அரைமணி நேரம் வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். மேஜைமேல் சோதனை அறிக்கை தட்டச்சு செய்து தயாராக இருந்தது. பார்வையாளர் நிரப்பவேண்டியது ஒரே ஒரு வரி. ‘மூன்றாம் நபரின் உதவி எந்தக் கட்டத்திலாவது இருந்ததா? ஆம் / இல்லை.’

“உக்காருங்க, உக்காருங்க,” என்றார் மேனேஜர். “சங்கத்துக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா நீங்களே கண்ணால பாத்தீங்க. ரெண்டு பேரு போதும்னு உங்க வீட்டுப் பொண்ணே காட்டிட்டா.”

“கொஞ்சம் யோசிச்சு…”

“யோசிக்க என்ன சார் இருக்கு? நடந்தத எழுதப்போறீங்க.” பேனாவின் மூடியைக் கழற்றி அவரே நீட்டினார்.

திறந்திருந்த கதவு வழியே தாழ்வாரம் தெரிந்தது. மருமகளைச் சுற்றி ஏழெட்டுப் பேர். யாரோ ஏதோ சொல்ல, அவள் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். மகன் கப்பலேறிய நாளிலிருந்து அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. ‘ஆம்’ என்று எழுதினால் அந்தச் சிரிப்பு போய்விடும். தானே எழுதிய கோளாறைத் தானே சரிசெய்த கோமாளி என்று ஊரே கைகொட்டும். ‘இல்லை’ என்று எழுதினால் அறுபத்தொரு நாற்காலிகளைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்ததாகும். அதுவும் பொய்யால்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்ஜினியர் ‘இல்லை’க்கு எதிரே கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் வரவேற்பு மேஜையில் அவருக்குத் தொலைபேசி காத்திருந்தது. சங்கச் செயலாளர்.

“அண்ணே, கவுந்தாங்களா?”

“இல்லப்பா. பாஸ்.”

“மூணாவதுலகூடவா? அதுல எவனும் தேறமாட்டான்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?”

“சொன்னேன்.”

“வீட்டுல முன்னாடியே ஒருவாட்டி பாடம் நடந்துச்சோ?”

“டேய்!”

“நான் சொல்லல அண்ணே. நாளைக்கு அறுபது பேரு சொல்லுவான்.” வைத்துவிட்டான்.

சாயங்காலம் வேலை முடிந்து திரும்பும்போதும் மருமகள்தான் காரை ஓட்டினாள். பேசக்கூடாது என்ற தடை நீங்கிவிட்டதால் காலையிலிருந்து சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். இன்ஜினியர் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்தே போய்விடலாமா என்றுகூட நினைத்தார்.

“மாமா, உங்களுக்கு வருத்தம்னு தெரியும். நான் ரொம்ப ஆடக்கூடாது. ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும், கேப்டன் கை என்ன வேகம்! நான் நிமிர்ந்து பாக்கறேன், வால்வு ஏற்கெனவே திறந்திருக்கு. ஒரு கையில அத்தன பெரிய விமானத்தப் பிடிச்சுக்கிட்டு எப்படி மாமா அது?”

கேப்டன் திறந்தார் என்று இவள் நினைக்கிறாள். இவள் திறந்தாள் என்று அவர் நினைக்கிறார். இருவருமே திறக்கவில்லை. நாளைக்கு நிஜ ஆகாயத்திலும் இந்த இருவரும் இதே நம்பிக்கையோடு உட்காருவார்கள். பின்னால் கொக்கியில் கோட்டு மட்டும் தொங்கும்.

“கண்ணாடிய இறக்கு. காத்து வரல,” என்றார்.

“இறக்கித்தான் இருக்கு மாமா.”

வீட்டுக்கு வந்ததும் அவர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். குழாயைத் திறந்துவிட்டு, குளிக்காமல் நின்றார். கூடத்தில் மருமகள் தொலைபேசியில் பேசுவது கேட்டது. கேப்டனுக்கு நன்றி சொல்கிறாள். சிரிக்கிறாள். பிறகு சிரிப்பு நின்றது. “இல்ல சார், நான் தொடல… நீங்கன்னு நெனச்சேன்… நிஜமாவா சார்?” என்று குரல் இறங்கிக்கொண்டே போனது.

ரிசீவரை வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் குளியலறைக் கதவை யாரோ தட்டினார்கள்.

“மாமா, வெளிய வாங்க.”

வந்தார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள்.

“அந்த ஸ்விட்ச நான் தொடல. கேப்டனும் தொடலையாம்.” மருமகள் அவரையே பார்த்தாள். “அந்தப் பெட்டிக்குள்ள கை எட்டற தூரத்துல இன்னும் ஒருத்தருதான் இருந்தாரு.”

“வேணும்னு செய்யலம்மா. கை தானாப் போயிடுச்சு.”

“போனது சரி. கேட்டப்போ என்ன எழுதினீங்க?”

“இல்லைன்னு.”

“யாருக்காக?”

“உனக்காகத்தான்… நீ சிரிச்சுக்கிட்டு இருந்த…”

“எனக்காகன்னு சொல்லாதீங்க மாமா!” அவள் இந்த வீட்டில் இப்படிக் குரலை உயர்த்தியதில்லை. “நீங்க திருப்பினப்போ பதினோரு விநாடி பாக்கி இருந்துச்சு. அந்தப் பதினோரு விநாடியில நான் விளக்கப் பாத்திருப்பேனா, மாட்டேனா? எனக்கே தெரியல. இனிமே யாருக்கும் தெரியப்போறதில்ல. பாத்திருந்தா நான் பாஸ்னு நெஞ்ச நிமித்திச் சொல்லியிருப்பேன். பாக்கலைன்னா உங்க நாற்காலி வேணும்னு நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். ரெண்டுல ஒண்ண எனக்குக் கெடைக்க விட்டீங்களா?”

இன்ஜினியர் உள்ளே போய், ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடிவிட்டு வந்தார்.

“நூத்தம்பது பேர ஏத்திக்கிட்டு நான் போகணும் மாமா. எனக்குத் தெரியணும்.”

டீச்சர் கணவரைப் பார்த்தாள். “தப்பா விடை எழுதிட்டா அடிச்சிட்டுத் திருப்பி எழுதலாங்க. தாளக் குடுத்தாச்சேன்னு உக்காந்துடாதீங்க.”

“எழுதினா உன் மருமகளுக்கு வந்த வாய்ப்பும் போகும், என் வேலையும் போகும்.”

“போகட்டும்,” என்றாள் மருமகள். “மறுபடியும் டெஸ்ட் வைக்கச் சொல்லுங்க. கோளாற வேற யாராவது எழுதட்டும். பின்னாடி நீங்க இருக்கக்கூடாது.”

மணி ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது. மேனேஜர் ஆறு மணிக்குத்தான் கிளம்புவார். இன்ஜினியர் போய் ரிசீவரை எடுத்தார். ஆறு எண்களைச் சுழற்றுவதற்குள் இரண்டு தடவை தப்பாகிவிட்டது.

“சார், நான் ஃப்ளைட் இன்ஜினியர் பேசறேன். காலையில டெஸ்ட்ல மூணாவது கை ஒண்ணு இருந்துச்சு. வால்வத் திறந்தது நான். நான் எழுதினது பொய்.”

சொல்லிவிட்டார். மார்பில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது போல இருந்தது. ஒரு விநாடிதான்.

“தெரியும்,” என்றார் மேனேஜர்.

“என்ன சார்?”

“உள்ள கூரை மூலையில கேமரா இருக்கு. நீங்க வெளிய காத்துக்கிட்டிருந்த அரைமணி நேரத்துல நான் டேப்பப் போட்டுப் பாத்துட்டேன். அப்புறம்தான் உங்களக் கூப்பிட்டேன்.”

“பாத்துட்டா? பாத்துட்டும் என்கிட்ட ஏன் சார் கையெழுத்து…”

“நீங்க என்ன எழுதறீங்கன்னு பாக்கணும்னு தோணுச்சு. எழுதினீங்க.” குரலில் கோபம் இல்லை. பரிவுகூட இருந்தது. “இப்போ என் அலமாரியில ரெண்டு இருக்கு. உங்க கையெழுத்து ஒண்ணு, டேப் ஒண்ணு. நீங்க சும்மா இருந்தா கையெழுத்து மட்டும் வெளிய போகும். உங்க மருமக புது விமானத்துல முதல் நாள் பறப்பா. நீங்க வாயத் திறந்தா டேப்பும் போகும். மாமனாரும் மருமகளும் சேர்ந்து மோசடி பண்ணாங்கன்னுதான் அதப் பாக்கறவன் சொல்லுவான். அவ லைசென்ஸ் என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க.”

இன்ஜினியரின் காது மடல் சுட்டது. பெட்டிக்குள் இருந்தபோதுகூட இறங்குவதற்கு ஒரு கதவு இருந்தது.

“என்ன சொல்றாங்க மாமா?” மருமகள் பக்கத்தில் வந்து நின்றாள். “மறுபடி எப்ப வைக்கறாங்களாம்?”

பயந்திருந்தாலும் அவள் தயாராக நின்றாள். அவருக்கு எதையாவது சொல்லி மழுப்பிவிடலாமா என்று தோன்றியது. நாளைக்குச் சொல்றாங்களாம்மா, நீ போய்ச் சாப்பிடு. அவளுக்காகத்தான். அவள் நன்மைக்காகத்தான்.

ரிசீவரை வாயருகே கொண்டுவந்தார்.

“சார், ஒரு நிமிஷம். என் மருமக பக்கத்துலதான் நிக்கறா. இப்ப என்கிட்ட சொன்னத ஒரு வார்த்த விடாம அவகிட்டயும் சொல்லிடுங்க.”

ரிசீவரை அவளிடம் நீட்டினார். அவள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

“சொல்லுங்க சார். கேட்டுக்கிட்டிருக்கேன்.”

மறுமுனையில் சத்தமே இல்லை. ஆனால் மேனேஜர் ரிசீவரை வைக்கவும் இல்லை.